எங்கள் மாப்பிள்ளை குதிருக்குள் இல்லை

என் அண்ணன் திக்கமின் கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெண்கள் வழக்கப்படி எங்களை ஏசிப் பாடிக்கொண்டிருந்தபோது, பாட்டுக்காரிக்கு நடுவில் அடுத்த அடி மறந்துபோயிற்று. பந்தலே காத்துக்கொண்டிருந்தது. அப்போது மணப்பெண் முக்காட்டுக்குள் இருந்தபடியே அந்த அடியை எடுத்துக் கொடுத்தாள். அது எங்கள் அப்பாவின் தொந்தியைப் பற்றிய அடி. அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "இவ வாய்க்குப் பூட்டுப் போடற கொல்லன் இன்னும் பொறக்கல" என்று வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த மணப்பெண்தான் ஹர்ப்யாரி, என் அண்ணி. நான் அவளுக்கு ஒரே கொழுந்தன். பெயர் பர்சாதி. எங்கள் பக்கத்தில் அண்ணியும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் கேலி பேச உரிமை உண்டு. இதில் நான் அவளைப் பற்றிக் கூடக் குறையச் சொன்னால் அந்த உரிமையில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குள்ளம். மூக்குத்தி மட்டும் பெரிது. பால் கறக்கும்போது எருமையோடு சண்டை, தயிர் கடையும்போது மத்தோடு சண்டை. அவளோடு சண்டைக்குச் சிக்காத ஒரே ஆள் என் அண்ணன்தான். அவன் வாயைத் திறந்தால்தானே சண்டை வரும்!

எங்கள் ஊர் லாட்புரா. ராதை எங்கள் ஊர்ப் பெண். வேறு சில ஊர்க்காரர்களும் ராதை தங்கள் ஊர்ப் பெண் என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அரைக் காதம் தள்ளி இருக்கும் கதம்கேடாவின் கோயிலில் நின்றிருந்த கண்ணன், சாவரேஜி, எங்கள் ஊர் மாப்பிள்ளை. முழங்கை உயரக் கருங்கல். உதட்டில் மட்டும் ஒரு கள்ளச் சிரிப்பு.

மாப்பிள்ளை என்றால் பேச்சுக்கு அல்ல. பெண் கொடுத்த ஊரில் பெண் வீட்டார் கை நனைக்கக் கூடாது என்பதால், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதம்கேடாவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். மாமியார் முறையுள்ள கிழவிகள் சாவரேஜியின் முன்னால் முக்காட்டை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். மாமியார் மாப்பிள்ளைக்கு முகம் காட்டலாமா? ஆனால் ஊர் மருமகள்களுக்கு அந்தக் கட்டு கிடையாது. ராதை அவர்களுக்கு நாத்தனார். நாத்தனார் புருஷனை முகத்துக்கு நேரே வாய்க்கு வந்தபடி ஏசலாம். ஏசத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைச்சல். ஹர்ப்யாரி வந்த இரண்டாம் ஹோலிக்கே ஏசல் பாட்டுக்கு அவள்தான் தலைவி. கோயில் படியில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, சாவரேஜியின் கண்ணைப் பார்த்துப் பாடுவாள்.

"கறுத்த மாப்ளே, குளிக்கலியா, யமுனை என்ன வத்திப்போச்சா?
ஒருத்திக்குப் பொறந்து ஒருத்திகிட்ட வளர்ந்த ஆளு நீ,
யாரச் சம்பந்தின்னு கூப்புடறது, நீயே சொல்லு மாப்ளே!
வெண்ணெ திருடுன கையிது, வீட்டுக்குள்ள விடலாமா?"

அங்கே பூசாரி லட்டூரி. உருண்டையான ஆள், பல்லி கத்தினாலும் பயப்படுவார். பாட்டைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். விரல் மட்டும் காதைவிட்டுச் சற்றுத் தள்ளியே இருக்கும்.

மதுராவில் பெரிய கோயில் இடிந்த வருஷம் வந்தது. பாதுஷாவின் கட்டளை என்றார்கள். முதலில் நாங்கள் நம்பவில்லை, மதுரா பெரிய இடம், நம்மைப் போன்ற குக்கிராமத்தை யார் தேடி வருவார்கள் என்று இருந்தோம். கோடை ஏறும்போது, பக்கத்துப் பர்கானா ஊர்களில் ஒவ்வொரு கோயிலாக இடிக்கிறார்கள் என்று சேதி வந்தது. அதற்கப்புறம் கதம்கேடாவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் உச்சி வெயில். அனல் காற்று வீசுகிற நேரம், நாய்கூட நிழலைவிட்டு எழாது. எங்கள் வாசலில் ஒரு வைக்கோல் வண்டி வந்து நின்றது. வண்டியை ஓட்டி வந்தது லட்டூரி பூசாரி. அவருக்கு மாட்டைக் கண்டாலே பயம்.

"நாளைக்கு வந்துடுவாங்களாம்" என்றார். மாட்டுக் கயிற்றை இன்னும் கையைவிட்டு விடவில்லை. "கொண்டாந்துட்டேன். வைக்கோலுக்குள்ள இருக்காரு. மெதுவாப் பேசுங்க, தூங்கற நேரம்."

அம்மா அங்கேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாப்ள மொதமொதலா வீட்டுக்கு வராரு. ஆரத்தி இல்லாம, மேளம் இல்லாம, வைக்கோல்ல சுருட்டியா? ஊர் என்ன சொல்லும்?"

"அத்தே, மேளம் அடிச்சா ஊரு மட்டுமா வரும், பட்டாளமும் வரும்" என்றாள் அண்ணி. வைக்கோலை விலக்கிப் பட்டுத் துணியைத் தூக்கி, ஒரு கைக்குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தாள். நான் பார்த்தவரை அவள் பேசாமல் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

உள்ளறையில் மூன்று மண் குதிர்கள் வரிசையாக நின்றன, ஆள் உயரம். மூன்றிலும் கம்பு. மூன்றாவது குதிரில் பாதிக் கம்பை எடுத்துவிட்டு மாப்பிள்ளையை இறக்கினோம். மேலே ஒரு பலகை வைத்து, பலகையை மறைத்து இரண்டு சாண் கம்பு கொட்டுவது என்று முடிவு. பூசாரி அழ ஆரம்பித்துவிட்டார். "உள்ள புழுங்குமே. மயிலிறகு விசிறி போடணும். சாயங்காலம் வெண்ணெ குடுக்கணும், கற்கண்டோட. கம்பு முகத்துல கொட்டிடாதீங்க. கூச்சப்படுவாரு."

"பூசாரி, எங்க மாப்ளைக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியும். நீ போய் உன் தலையக் காப்பாத்திக்க" என்று அண்ணி அவரை விரட்டினாள். அவர் போன பிறகு குதிரின் பக்கத்தில் மூக்குத்தி உரச நின்று, "வீட்டோட மாப்ள ஆயிட்டியே, வெக்கமா இல்ல?" என்று மெல்லக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள்.

இடித்ததை எங்கள் ஊர் மேட்டில் நின்று பார்த்தோம். கேட்டோம் என்று சொல்ல வேண்டும். சம்மட்டிச் சத்தம் காலையில் தொடங்கியது. சிவப்புக் கல்லில் மயில்கள் செதுக்கிய முகப்பு அது. கட்டியவனுடைய பேரன்மார் ஊரில் இருக்கிறார்கள். மணி விழுந்த சத்தம் எங்கள்வரை கேட்டது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவில்லை. கல் யாருக்கு என்ன கெடுதல் செய்தது? யார் வயலில் போய் மேய்ந்தது?

பட்டாளம் ஊர்க்கோடிக்கு ஒதுங்கியதும், மாலையில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் ஓடினோம். கோயிலுக்கு வைத்த தீ பரவிப் பக்கத்து வீடுகளும் எரிந்துகொண்டிருந்தன. மண்ணை வாரி இறைத்து அணைத்தோம். தொண்டை முழுக்கப் புழுதி. லட்டூரியின் மனைவி குடத்தோடு வந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள்.

"கோயிலே இல்ல, இன்னுமா அந்த வழக்கம்?" என்று அவள் அழுதாள்.

"கோயில்தான் இல்லம்மா. மாப்ள இருக்காருல்ல?" என்றார் எங்கள் அப்பா. வறண்ட நாக்கை உதட்டில் தடவிக்கொண்டு அரைக் காதம் நடந்து வந்து எங்கள் கிணற்றில் விழாத குறையாகக் குடித்தோம்.

சிலை கிடைக்கவில்லை என்று, பட்டாளத்தை நடத்தி வந்த ஜமேதாருக்கு ஆத்திரம். வயதானவர், தூரத்து நகரத்துக்காரர், சீவி விட்ட வெள்ளைத் தாடி. சிலையோடு திரும்பினால்தான் மேலிடத்தில் தலை நிமிர முடியும். கதம்கேடாவிலேயே கூடாரம் அடித்துச் சுற்றுவட்ட ஊர்களைச் சலிக்கத் தொடங்கினார்கள். எங்கள் முறை எப்போது என்று தெரியாமல் நாங்கள் காத்திருந்தோம். கிடைத்தால் மாப்பிள்ளையும் போவார், எங்கள் வீடும் போகும்.

அந்த நாட்களில் அண்ணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாட முடியாது. ஏசல் சத்தம் கேட்டால் மாப்பிள்ளை இருக்கிறார் என்று அர்த்தம். ஊர் மருமகள்கள் எல்லாரையும் வாயடைத்து வைத்ததும் அவள்தான். அதனால் எருமைக்கு வசவு இரட்டிப்பாயிற்று. எனக்கும்தான்.

"கொழுந்தனாரே, தின்ன தட்டக் கழுவி வைக்க ஒரு பொண்டாட்டி வேணும்ல ஒனக்கு? எந்தக் குருடி கெடைப்பாளோ!"

"உங்க தங்கச்சி இருக்காளே அண்ணி."

"அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

தேடுதல் ஒரு காலை நேரத்தில் எங்கள் தெருவுக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு சிப்பாய். எங்கள் வீட்டுக்கு வந்தவன் பெயர் மங்கள் கான். மேவாத் பக்கத்து மேவ் ஜாதி. தொழுவது மசூதியில், குலம் கேட்டால் கண்ணன் பிறந்த யதுகுலம் என்பார்கள். முப்பது வயது இருக்கும், நெடுநெடுவென்று உயரம், பசித்த முகம்.

வாசலில் எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு ராம்தேயி அத்தையும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். முக்காடு தோளில் கிடக்க, முகத்தை நேரே காட்டி வெளுத்து வாங்கினார்கள்.

"வைக்கோலக் குத்தறியே, ஒங்கப்பனா போட்டான்?" என்றாள் அம்மா.

"செருப்பக் கழட்டுடா, மாட்டுக் கொட்டாய்ல லட்சுமி இருக்கா!" என்றாள் அத்தை.

அவன் எதற்கும் கோபப்படவில்லை. வைக்கோற்போரைக் குத்தினான், கிணற்றை எட்டிப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைக்கு வந்தான். வந்தவன் களைப்பில், மூன்றாவது குதிருக்குப் பக்கத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி அடுப்படியில்.

அம்மா நெய்ச்சட்டியை எடுக்க உள்ளே வந்தாள். மூன்றாவது குதிரின் பக்கம் வந்ததும், கை தானாகப் போய் முக்காட்டை மோவாய்வரை இழுத்துவிட்டது. தாண்டியதும் மறுபடி தோளுக்குத் தள்ளிக்கொண்டாள். பின்னாலேயே ராம்தேயி அத்தை. அவளும் அதே இடத்தில் இழுத்தாள், அதே இடத்தில் தள்ளினாள். இரண்டு பேருக்கும் தாங்கள் செய்தது தெரியவே தெரியாது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கேளாமலே சொன்ன பிள்ளையின் கதைதான். அந்தப் பிள்ளை வாயால் சொன்னான், இவர்கள் முக்காட்டால் சொன்னார்கள்.

மங்கள் கான் முதலில் அவர்களைப் பார்த்தான், பிறகு அந்தக் குதிரின் பக்கம் பார்த்தான்.

"அம்மா, வெளிய என்னைத் திட்டுனப்ப முகம் தெறந்துதான இருந்துச்சு" என்றான். குரலில் மிரட்டல் இல்லை, யோசனைதான் இருந்தது. "இந்த எடத்துல மட்டும் யாருக்கு முக்காடு? எங்க ஊர்ல மாமியார்தான் இப்படி இழுத்துவிட்டுக்குவா. மாப்ளயப் பாத்தா."

அம்மா நெய்ச்சட்டியைக் கீழே வைத்தாள். அத்தை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து அண்ணி வந்தாள், கையில் கரண்டியோடு.

"ஏன், நீங்க இல்லியா?" என்றாள்.

"நானா?"

"மாப்ளக் கட்டில்ல சட்டமா உக்காந்துகிட்டு யாருக்கு முக்காடுன்னு கேக்கறீங்களே! இந்தக் கட்டில்ல உக்காந்தவன் இந்த வீட்டு மாப்ள. தெருவுல போறவனா இருந்தாலும் சரி. எங்க வழக்கம். எந்திரிச்சா பாவம், ஏசல் கேட்டு, சாப்ட்டுட்டுதான் எந்திரிக்கணும்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அந்த நொடியில் அவள் பெற்றுப் போட்டது. அந்தக் கட்டிலில் தினமும் படுத்துக் குறட்டை விடுகிறவன் நான்.

பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரண்டியால் தாளம் போட்டாள். எத்தனையோ நாள் அடக்கி வைத்த தொண்டை.

"வாளு கொண்டாந்த மாப்ளே, வேலு கொண்டாந்த மாப்ளே,
வயித்த எங்க விட்டுட்டு வந்த, முதுகுல போய் ஒட்டியிருக்கு!
பனைமரம் போல ஒசந்தியே, பழுத்ததென்ன மாப்ளே?
எங்க பொண்ணு ஏணி வச்சா எட்டுவாளா மாப்ளே?"

இரண்டு கிழவிகளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து, கை தட்டிப் பின்பாட்டுப் பாடினார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து மருமகள்களும் ஓடி வந்துவிட்டார்கள். அம்மா பூரி போட்டாள். பாலில் காய்ச்சிய கீர் வந்தது. எனக்காக எடுத்து வைத்திருந்த மால்புவா அப்பமும் வந்தது, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அவன் ஒரு பூரியைப் பிய்த்தான். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ரஹ்மதிக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல" என்றான். "என் பொண்டாட்டி. அவ அம்மா இருந்தவரைக்கும் போனா பாடுவாங்க. அவங்களும் போயிட்டாங்க. எனக்கு ஏசல் கேட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

"அப்ப வாயத் தெறந்து தின்னுங்க. அழுதா கீர் உப்புக் கரிக்கும்" என்றாள் அண்ணி. உடனே அடுத்த பாட்டை எடுத்துவிட்டாள்.

அவன் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே ஒரு கையைக் குதிரின்மேல் சாதாரணமாக வைத்தான். எடுக்கவில்லை. இந்த லாட்புராவின் மாப்பிள்ளை யார் என்று மேவாத்தில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரிந்துவிட்டது என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவன் என்ன செய்யப்போகிறான் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

அப்போது பாட்டுச் சத்தம் கேட்டு ஜமேதாரே உள்ளே வந்துவிட்டார். "என்ன கூத்து இது? தேட வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

மங்கள் கான் எழுந்திருக்கப் பார்த்தான். அண்ணி கரண்டியைக் காட்டினாள். உட்கார்ந்தே சொன்னான். "ஹுசூர், இந்த வீட்ல மாப்ளன்னு ஒருத்தன்தான் இருக்கான். அது நான்தான். புடிச்சு உக்கார வச்சுட்டாங்க."

"குதிரெல்லாம் பாத்தாச்சா?"

"கம்பு, ஹுசூர்."

ஜமேதார் அவன் சொல்லை நம்புகிறவர் இல்லை. அவனுடைய ஈட்டியை எடுத்து முதல் குதிருக்குள் மேலிருந்து இறக்கினார். சரசரவென்று கம்பு. இரண்டாவது குதிர், அதுவும் கம்பு. மூன்றாவதில் இரண்டு சாண் இறங்கினால் பலகை. ஈட்டி நுனி பலகையில் முட்டினால் 'டொக்' என்று கேட்கும், அதற்கு மேல் கதை இல்லை. அம்மா முக்காட்டுக்குள் கண்ணை மூடியிருப்பாள்.

அண்ணி மூன்றாவது குதிருக்கு முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் கை. கோயில் படியில் நிற்கிற அதே நிற்பு.

"அடியே, மாப்ளயோட அப்பா வந்துட்டாருடி! சம்பந்தி வந்துட்டாரு! சும்மா விடுவீங்களா?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பாடுவது வெல்லம். சம்பந்திக்குப் பாடுவதுதான் மிளகாய்.

"மணக்க மணக்கத் தாடி வச்ச மாப்ளயோட அப்பாவே,
குதிருக்குள்ள என்ன தேடுறே, தொலைஞ்சுபோன பொண்டாட்டியா?
அவ எங்க மாட்டுக்காரங்கூட அறுப்புக்குப் போயிருக்கா,
அடுத்த வருஷம் வந்தியானா ஆறு புள்ள சேத்துத் தரோம்!"

இது தொடக்கம்தான். அதற்கு அடுத்த அடிகளை எழுத என் கை கூசுகிறது. ஜமேதாருடைய தாயார், அத்தை, அவருடைய ஒட்டகம் ஒருவரையும் விடவில்லை. சுற்றி முக்காடு போட்ட பெண்கள் கூட்டம் கை தட்டிக்கொண்டு நெருங்கி நெருங்கி வந்தது. ஒருத்தி மஞ்சள் தண்ணீரை அவர் தாடிமேல் தெளித்தே விட்டாள். யுத்தங்களைப் பார்த்த மனிதர், யாரிடமும் புறமுதுகு காட்டாதவராகத்தான் இருந்திருப்பார். காது சிவந்து, "லாஹௌல்... லாஹௌல்..." என்று சைத்தானை விரட்டும் வார்த்தையை முணுமுணுத்தபடி ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். நடை போகப் போக ஓட்டமாயிற்று. தெருவில் இருந்த சிப்பாய்கள் சிரித்ததைப் பார்த்து இன்னும் வேகம் எடுத்தார். அதோடு எங்கள் தெருவில் தேடுதல் முடிந்தது. அந்தப் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் மறுபடி நுழைய அவருக்கு மனம் வரவில்லை.

மங்கள் கான் கை கழுவினான். மாப்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அண்ணி என்னுடைய புதுத் தலைப்பாகையை எடுத்து அவன் தலையில் சுற்றிவிட்டாள். என்னுடையது! அவன் ஈட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று, அண்ணிக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அத்தைங்ககிட்டச் சொல்லி வைங்க. கம்புக்கு யாரும் முக்காடு போடறதில்ல. அடுத்த ஆளு சும்மா போக மாட்டான். அந்தக் கட்டில்ல எப்பவும் ஒரு மாப்ள படுத்திருந்தா, யாரும் கேக்க மாட்டாங்க."

"எங்க வீட்ல வேற மாப்ள இல்லியே" என்றாள் அண்ணி.

"அப்ப நான்தான் வந்து போவணும்" என்றான்.

வந்தான். அடுத்து வந்த ஹோலிக்கு வந்தான். ஹோலிக்கு வரும் மாப்பிள்ளையைப் பெண்கள் கழியால் அடிப்பது எங்கள் வழக்கம். அவனையும் அடித்தார்கள், நன்றாகவே அடித்தார்கள். தீனியும் அடியும் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்துத் தூங்கினான். அடுத்த வருஷமும் வந்தான். பட்டாளத்தை விட்டு ஊருக்குப் போய் உழ ஆரம்பித்த பிறகும் வருவது நிற்கவில்லை. அவன் படுத்திருக்கையில் அம்மா அந்தப் பக்கம் போனால் முக்காடு போடுவாள். இப்போது அது யாருக்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பூசாரி லட்டூரி மாட்டு வியாபாரிபோல வேஷம் போட்டுக்கொண்டு வெண்ணெயும் கற்கண்டும் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். எந்த மாடும் அவரை நம்பவில்லை.

சாவரேஜி எங்கள் வீட்டோடு மாப்பிள்ளையாக வெகுகாலம் இருந்தார். காலம் மாறி, கதம்கேடாவில் மண் சுவரில் ஒரு சின்னக் கோயில் எழும்பிய பிறகுதான் மேளத்தோடு அனுப்பினோம். அண்ணிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "இத்தன வருஷம் ஒக்காந்து தின்னியே, ஒரு நாள் ஒரு எரும கறந்திருப்பியா?" என்று அவள் தொடங்கியதும் லட்டூரி கிழவர் காதைப் பொத்தவே இல்லை. குதிரில் அதற்கப்புறம் கம்புதான் இருந்தது. அம்மா சாகும்வரை அதைத் தாண்டும்போது முக்காடு போட்டாள்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மங்கள் கானுடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. சேதி சொல்ல வந்தவன் முகம் சரியில்லை. அண்ணி விடாமல் கேட்டாள். "ரஹ்மதி அழறா. தாய்மாமன் சீரு கொண்டு வர ஆளில்ல. வாசல்ல தட்டோட யாருக்குக் காத்திருக்கறதுன்னு கேக்கறா" என்றான்.

அண்ணிக்கு வந்ததே கோபம்! "மாப்ளன்னு வருஷாவருஷம் வந்து மூக்குமுட்டத் தின்னியே, அப்ப ரஹ்மதி எங்க வீட்டுப் பொண்ணு இல்லாம வேற யாரு? கூறு கெட்டவனே!"

வண்டி கட்டினோம். அண்ணன் திக்கம், அண்ணி, நான். சிவப்புத் துப்பட்டா, வளையல், வெல்லம், நெய். மங்கள் கான் ஊர் எல்லையிலிருந்தே சிறுவர்கள் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டார்கள். ரஹ்மதி வாசலில் தட்டோடு நின்றாள். என் அண்ணன், வாய் திறக்காத என் அண்ணன், அவள் தலையில் துப்பட்டாவைப் போர்த்தி, "வழியில எருது சண்டி பண்ணிருச்சு தங்கச்சி, இல்லன்னா நேத்தே வந்திருப்போம்" என்றான். அவள் அவன் தோளில் விழுந்து அழுத அழுகையில் தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அன்று நல்ல வெயில். பந்தலில் எங்களை உட்கார வைத்து, மங்கள் கானின் தங்கை செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் தாயி" என்றாள். அண்ணனும் வேண்டாம் என்றான், நானும். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். "அவங்க சாதி வேற. நம்ம வீட்டுத் தண்ணி எப்படிக் குடிப்பாங்க? சீரு வேற, தண்ணி வேற."

அண்ணிக்குக் காது கூர்மை. "யாரு அது? எந்திரிச்சு நில்லு. பொண்ணு குடுத்த வீட்ல கை நனைக்கற ஈனப் பொழப்பு ஒங்க ஊர்ல உண்டா? உண்டுன்னா சொல்லு, ஒரு கொடமே குடிக்கிறேன். எங்க ஊர்ல கிடையாது. இதோ நிக்கறானே இந்தப் பனைமரம், இவன் எங்க மாப்ள. மாப்ள வீட்ல நாங்க தண்ணி குடிச்சா நாளைக்கு எங்க ஊர்ல எப்படித் தலைய நிமித்தி நடக்கறது?"

மங்கள் கானின் வயதான தாய்தான் முதலில் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. அந்தக் கிழவி எழுந்து வந்து அண்ணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்து, "சம்பந்தி வந்துட்டாடி, சும்மா பாத்துட்டு நிக்கறீங்களே!" என்று தன் பெண்களைக் கூப்பிட்டாள். அன்று எங்கள் மூவர்மேலும் பாடிய ஏசலை நான் வெளியே சொல்லவே மாட்டேன். அண்ணி இரண்டு அடிகளை நினைவில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் ஊரில் தன்னுடையது என்று பாடினாள்.

திரும்பும்போது, அண்ணன்மாரை வழியனுப்பும் தங்கைபோல ரஹ்மதி வண்டியோடு ஊர் எல்லைவரை நடந்து வந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு கிணறு இருந்தது. அது எந்த ஊருக்கும் சேராத வழிப்போக்கர் கிணறு. அண்ணி வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

ரஹ்மதி தானே வாளியை இறக்கி இறைத்தாள். அண்ணி குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்ட, அவள் ஊற்ற ஊற்ற, மூச்சு வாங்க வாங்கக் குடித்தாள்.